ஒரு நைஸான கேள்வி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மொழிபெயர்ப்பே எனக்கு வயிற்றுப்பாடாக இருந்த காலத்தில், ஒரு சொத்து வழக்கின் தீர்ப்பைத் தமிழாக்கிக் கொடுக்கும் வேலை வந்தது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்த ஒரே ஒரு தொடருக்கு என்ன பொருள் கொள்வது என்பதில்தான் அந்த வழக்கே நின்றது. பிரதிவாதி தரப்பின் வாதத்தை விவரித்துக்கொண்டே வந்த நீதிபதி, ஓரிடத்தில் இது சட்டத்தில் ஒரு ‘நைஸ்’ கேள்வி என்று எழுதியிருந்தார். நான் சற்றும் தயங்காமல் ‘இது ஓர் அருமையான கேள்வி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வேலையைக் கொடுத்த மூத்த வக்கீல் என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே படித்தார். அந்த வரி வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“தம்பி, இந்த இடத்தில் ஜட்ஜ் எதிர்க்கட்சி வக்கீலுக்கு மார்க் போட்டாரா?”

“இல்லைங்க ஐயா, நைஸ் என்றுதானே போட்டிருக்கிறார்.”

“கோர்ட்டில் நைஸ் என்றால் நல்லது இல்லை, தம்பி. மயிரிழைதான் வித்தியாசம், இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்று அர்த்தம். நுட்பமான கேள்வி என்று மாற்றுங்கள்.”

சொல்லிவிட்டு அவரே பென்சிலால் ‘அருமையான’ என்பதை அடித்து, மேலே ‘நுட்பமான’ என்று எழுதினார். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பியதும் அகராதியை எடுத்தேன். குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரு சொல்லுக்காக அகராதியைப் புரட்டுகிறோமே என்ற வெட்கம் முதல் பத்தியைப் படித்த உடனேயே போய்விட்டது. ஆங்கிலத்தில் மிக எளியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பெயரடை, எழுநூறு ஆண்டுகளில் முட்டாள்தனத்தில் தொடங்கிப் பாராட்டு வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. வந்த வழியில் அது தங்கிய ஒவ்வோர் ஊரிலும் வேறு வேறு வேடம் போட்டிருக்கிறது.

இதன் வேர் லத்தீன் மொழியின் ‘நெஸ்கியுஸ்’. ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். முன்னால் வரும் ‘நெ’ எதிர்மறை. ஆகவே நெஸ்கியுஸ் என்பவன் அறியாதவன். அதே ஸ்கிரேயிலிருந்து பிறந்ததுதான் அறிவியலைக் குறிக்கும் ‘சயின்ஸ்’ என்ற சொல்லும், மனச்சாட்சியைக் குறிக்கும் ‘கான்ஷியன்ஸ்’ என்ற சொல்லும். சயின்ஸும் நைஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றால் முதலில் நம்புவது கடினம். ஒன்று அறிவு என்றும் மற்றொன்று அறிவின்மை என்றும் பெயர் பெற்றுப் பிறந்தவை. ஸ்கிரே என்ற அந்த வினைக்கும் ஆதிப்பொருள், ஒன்றை மற்றொன்றிலிருந்து வெட்டிப் பிரித்தல் என்பதாகவே இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். தமிழ் படித்தவனுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பகுத்தறிவு என்று நாம் சொல்லும்போது, பகுப்பதும் அறிவதும் ஒரே செயலின் இரண்டு முனைகள் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கணக்கில் நைஸ் என்பதன் நேர்ப்பொருள் பகுத்தறியாத என்பதாகும். இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், பின்னால் வக்கீலின் அறையில் அந்தச் சொல் எடுத்திருந்த வேடத்தின் விசித்திரம் புரியும்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு மொழிக்கு வந்தபோது சொல் தேய்ந்து சுருங்கியது, பொருளோ விரிந்தது. விவரம் போதாத, அசட்டுத்தனமான, கையாலாகாத என்றெல்லாம் அங்கே அதற்குப் பொருள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி புழங்கியதால் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. அவற்றோடு இதுவும் வந்து 1300-ஐ ஒட்டி எழுத்தில் தலைகாட்டியது. அப்போது ஒருவனை நைஸ் என்று சொல்வது அவனை மடையன் என்று வைவதாகும். 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞரான சாசரின் வரிகளிலும் இந்தச் சொல் அசடு என்ற பொருளில் வருகிறது. இதே லத்தீன் வேரிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போன உடன்பிறப்பான ‘நெசியோ’ இன்றைக்கும் முட்டாளாகவே இருக்கிறது. அதற்கு எந்த வாழ்வும் வரவில்லை. பிரெஞ்சில் இந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. வெளியூர் போன பிள்ளை மட்டும் செழித்தது.

வசவு எப்படிப் பாராட்டானது என்பதுதான் இதில் சுவையான பகுதி. அசடு என்றால் அடக்கம் இல்லாதவன், தாறுமாறாகச் செலவு செய்பவன், மிகையாக உடுத்துபவன் என்று ஒரு கிளை போயிற்று. மிகையான உடை நாளடைவில் நாகரிக உடையானது. மற்றொரு கிளையில், அசடு கூச்சமாயிற்று; கூச்சம், எதையும் எளிதில் தொடாத ஒதுக்கமாயிற்று; ஒதுக்கம், இது பிடிக்காது அது ஆகாது என்று பொறுக்கும் குணமாயிற்று; பொறுக்கும் குணம், சிறு வேறுபாட்டையும் கண்டுகொள்ளும் கூர்மையாயிற்று. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வெகு அருகில் இருக்கிறது. ஆனால் கீழ்ப்படியிலிருந்து மேல்படியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே காலத்தில் புழங்கியதால், அக்காலத்து எழுத்தில் பல இடங்களில் ஆசிரியர் எந்தப் பொருளைக் கருதினார் என்று சொல்வதே கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே கைவிரித்திருக்கின்றனர்.

அறியாமை புகழ்ச்சியாவது தமிழுக்குப் புதிய செய்தி அன்று. சொற்பொருள் மாற்றம் என்ற பேச்சை எடுத்தாலே நம்மில் எல்லோரும் ‘நாற்றம்’ என்ற சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு வருவோம்; முன்பு நறுமணம், இப்போது முடைநாற்றம் என்று வகுப்பு முடிந்துவிடும். நாற்றத்திற்குச் சான்றாகக் காட்டப்படும் குறளிலேயே, அதைவிட நைஸுக்கு நெருக்கமான வேறொரு சொல் கவனிப்பாரற்று நிற்கிறது:

முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை
நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு.

மலராத மொட்டுக்குள் மணம் அடங்கியிருப்பதுபோல, இவளது புன்னகை மொட்டுக்குள்ளும் ஏதோ ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது என்கிறான் காதலன். அவன் அவளைப் பேதை என்கிறான். அதில் கொஞ்சல் இருக்கிறதே தவிர ஏளனம் துளியும் இல்லை. அதே நூலில் பேதைமை என்று தனி அதிகாரம் ஒன்று உண்டு. அங்கே பேதை என்றால் கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதியத்தைக் கைநழுவ விடும் மூடன். ஒரே புலவர், ஒரே சொல்; பொருட்பாலில் வசவு, காமத்துப்பாலில் கொஞ்சல். மடம் என்ற சொல்லும் அப்படியே. மடமை என்றால் அறிவின்மை. ஆனால் அச்சம், நாணம் என்பவற்றோடு சேர்த்து மடம் என்று பெண்ணுக்குரிய குணமாகச் சொல்லும்போது பழைய உரைகாரர்கள், ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று விளக்கம் எழுதி அந்த அறியாமையைக் கௌரவமான இடத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதே அழகு என்று நினைத்த சமூகங்களின் கைவரிசை இந்தச் சொற்களில் தெரிகிறது என்பது என் கருத்து. இங்கிலாந்தில் நைஸுக்கு நாணம், ஒதுக்கம் என்ற பொருள்கள் ஏறியதிலும் அதே வாடை அடிக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ‘வெகுளி’. குறளில் வெகுளாமை என்றால் சினம் கொள்ளாமை. வெகுளி என்றால் கோபம். இன்று “அவன் பாவம், வெகுளி” என்று சொன்னால், கோபப்படக்கூடத் தெரியாதவன் என்று பொருள். நைஸ் கடந்த தொலைவுக்கு இது சற்றும் குறைந்ததில்லை. நைஸுக்கு எதிர்த்திசையில் நடந்த ஆங்கிலச் சொல்லும் ஒன்று உண்டு. இன்று அசட்டுத்தனமான என்று பொருள்படும் ‘சில்லி’ பழைய ஆங்கிலத்தில் பாக்கியம் பெற்ற என்று பொருள்பட்டது. அதன் ஜெர்மன் உறவான ‘ஸேலிஷ்’ இன்னமும் பேரின்பத்தில்தான் இருக்கிறது. பாக்கியவான் கள்ளங்கபடமற்றவனாகி, பிறகு பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் முட்டாளானான். ஒருவர் மாடிப்படி ஏற, மற்றவர் இறங்க, இருவரும் நடுப்படியில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வேண்டும்.

நடுப்படியில் நின்ற காலத்து நைஸைத் தெரியாமல் பழைய ஆங்கிலத்தைப் படித்தால் என்னைப்போல் வழுக்கிவிழ நேரும். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில், ரோமியோவுக்கு எழுதிய கடிதம் அவனிடம் சேரவில்லை என்று தெரிந்ததும் லாரன்ஸ் பாதிரியார் பதறி, அந்தக் கடிதம் ‘நைஸ்’ அன்று, மிக முக்கியமான செய்தி கொண்டது என்கிறார். இன்றைய பொருளில் படித்தால், அது இனிமையான கடிதம் இல்லை என்று அவர் சொல்வதாகத் தோன்றும். அவர் சொல்வது, அது அற்ப விஷயம் இல்லை என்பதே. சிறியது, நுணுக்கமானது என்ற பொருளிலிருந்து அற்பமானது என்ற பொருளும் ஒரு காலத்தில் இந்தச் சொல்லுக்குக் கிளைத்திருந்தது.

அதைவிடப் பெரிய சறுக்கலுக்கு இடம்கொடுப்பது வாட்டர்லூ. 1815 ஜூன் 18-ஆம் தேதி நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு, மறுநாள் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் தாமஸ் கிரீவி என்பவரைச் சந்தித்துப் பேசினார். அவர் சொன்னவற்றைக் கிரீவி எழுதிவைத்தார். தாமும் பிரஷ்யத் தளபதி புளூஹரும் சேர்ந்து 30,000 பேரை இழந்துவிட்டதாகச் சொன்ன வெலிங்டன், அதே மூச்சில், பாழாய்ப்போன ‘நைஸான’ சங்கதி அது, இவ்வளவு நெருக்கத்தில் முடிந்த ஒன்றை நீர் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டீர் என்கிறார். முப்பதாயிரம் பேரைப் பறிகொடுத்தவர் நைஸ் என்கிறாரே, இது என்ன கல்நெஞ்சம் என்று இன்றைய வாசகர் திகைக்கலாம். தராசு முள் நடுவில் நின்று நடுங்கியது, தூசு விழுந்தாலும் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கும் என்பதே அவர் சொன்னது. எங்கள் வக்கீலின் மயிரிழையும் இந்தத் தராசு முள்ளும் ஒன்றுதான். பின்னாளில் இந்தக் கூற்றை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் நைஸை நைஸாகக் கழற்றிவிட்டு, மயிரிழையில் தப்பியது என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வெலிங்டன் அப்படிப் பேசிய காலத்திலேயே, வெறுமனே நல்ல, இனிய என்ற இன்றைய பொருளும் வரவேற்பறைகளில் புழங்கிக்கொண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய இந்தப் பொருளை ஜேன் ஆஸ்டின் சும்மா விடவில்லை. அவர் இறந்த பிறகு 1817-ன் இறுதியில் வெளிவந்த நார்த்தாங்கர் அபி நாவலில், கேத்தரின் என்ற பெண் தான் படிக்கும் நாவலைப் பற்றி, உலகத்திலேயே நைஸான புத்தகம் இதுதானே என்று கேட்கிறாள். நேர்த்தியான புத்தகம் என்கிறீர்களா, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்று ஹென்றி டில்னி சீண்டுகிறான். அதோடு நிற்காமல், இது நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ன அருமையான சொல் இது என்று பொரிந்து தள்ளுகிறான். ஆதியில் இது நேர்த்தி, நயம், நுண்மை ஆகியவற்றை மட்டும் சுட்டியிருக்கக்கூடும் என்று பாடமும் எடுக்கிறான். பாவம், அவனுக்கும் ஆதி தெரியவில்லை. அவன் ஆதி என்று நினைத்துக்கொண்டது நடுவழி. இலக்கணம் திருத்த வருகிறவர்கள் எல்லோருக்கும் நேரும் கதிதான் இது. தான் சிறுவயதில் கேட்ட பொருளே சொல்லின் பிறப்புப் பொருள் என்று தோன்றிவிடும்.

நூறு ஆண்டு கழித்து, 1926-ல் ஆங்கில மரபு நூல் எழுதிய ஃபவுலர், பெண்கள் இந்தச் சொல்லின் மேல் வைத்த பிரியமே அதன் தனித்தன்மையை எல்லாம் உறிஞ்சி, மங்கலான ஓர் இனிமையை மட்டும் மிச்சம் வைத்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். பழியைப் பெண்கள் மேல் போட்டது அவர் காலத்துக் குணம். குறை என்னவோ உண்மைதான். என் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியை, கொடைக்கானல் சுற்றுலா பற்றி நான் எழுதிய ஒன்றரைப் பக்கக் கட்டுரையில் ஏழு நைஸ்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஏரி நைஸ், குதிரை நைஸ், சோறும் நைஸ் என்றால் மூன்றும் ஒன்றா என்று கேட்டார். அப்போது கோபம் வந்தது. இப்போது அவர் பக்கம்தான் நான்.

இந்த மங்கலான நைஸைத்தான் நாமும் இறக்குமதி செய்தோம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நம் பேச்சைக் கவனிக்கத் தொடங்கியபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. ஆங்கிலம் படித்தவர்கள் “ரொம்ப நைஸ் மனுஷன்” என்று சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாதவர்கள் வாயில் வரும் நைஸ் வேறு. தச்சர், உப்புத்தாள் போட்டுப் பலகையை நைஸாக்கு என்று பையனிடம் சொல்கிறார். துணிக்கடையில் முந்தானையைத் தடவிப் பார்க்கும் பெண், நைஸாக இருக்கிறது என்கிறார். வடைக்கு நைஸாக அரைக்காதே, எண்ணெய் குடிக்கும் என்று பாட்டி எச்சரிக்கிறார். அங்கே நைஸ் ஒரு குறைபாடுகூட. இவற்றில் எதிலும் நல்ல என்று பொருள் வைத்துப் பார்த்தால் பொருந்தாது. மெல்லிய, நுண்ணிய என்று வைத்தால் எல்லாம் பொருந்தும். இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் ஒதுங்கிப்போன அந்த நடுக்காலத்துப் பொருள் நம் அம்மிக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் இல்லாத கிளையையும் நாம் வளர்த்திருக்கிறோம். சீட்டுப் பணம் கேட்கும் நேரத்தில் நைஸாக நழுவுகிறவன், நைஸாகப் பேசி வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்ட மைத்துனன் ஆகியோரிடம் இருப்பது அரவமில்லாத சாமர்த்தியம். உராய்வில்லாத மாவு விரலுக்கு வழுக்குவதுபோல, உராய்வில்லாத ஆள் கைக்கு வழுக்குகிறான். இந்தக் கிளை இங்கே இவ்வளவு எளிதாக வேர்பிடித்ததற்குத் தமிழில் ஏற்கெனவே ‘நயம்’ என்ற சொல் மண்ணைப் பண்படுத்தி வைத்திருந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நயமான சரக்கு என்றால் தரமானது. நயமாகப் பேசினான் என்றால் இதமாகப் பேசிக் காரியம் பார்த்தான். அதே நயம் வஞ்சகத்தோடு சேர்ந்தால் நயவஞ்சகம். தரம், மென்மை, தந்திரம் மூன்றும் அங்கே ஏற்கெனவே கூட்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

இவ்வளவு சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, அப்படியானால் நைஸ் என்பதே நயத்திலிருந்து போனதுதான் என்பார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் லத்தீன், பழைய பிரெஞ்சு, 1300-ஐ ஒட்டிய ஆங்கிலம் என்று அதன் வழித்தடம் அசடு என்ற பொருளோடு எழுத்தில் பதிந்து கிடக்கிறது. நயத்தின் எந்தப் பொருளும் அந்தத் தொடக்கத்தில் இல்லை. ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது. ஆங்கிலத்தில் இதே எழுத்துகளைக் கொண்டு எழுதப்படும் பிரான்ஸ் நாட்டுக் கடற்கரை நகரமான நீஸ், வெற்றியைக் குறிக்கும் கிரேக்கப் பெயரான நிகாயாவிலிருந்து வந்தது; அதற்கும் இந்த அசட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலே சர்க்கரை தூவி, நடுவில் அதே எழுத்துகளைப் பொறித்து வரும் தேங்காய் பிஸ்கட்டை நைஸ் என்று வாசிப்பதா நீஸ் என்று வாசிப்பதா என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. நான் டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறவன். அந்த வழக்கில் நான் கட்சிக்காரன் இல்லை.

சென்ற மாதம் இடியாப்ப மாவுக்காகப் பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை மாவுமில்லுக்குப் போயிருந்தேன். மில்லை நடத்தும் அம்மா அரிசியைத் தகர வாயில் கொட்டும் முன், “நைஸாவா, புட்டுக்கா?” என்று கேட்டார். நைஸாக என்றேன். பட்டை சுழன்று, துணிக்குழாய் உப்பி, வெதுவெதுவென்று மாவு டின்னில் இறங்கியது. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை எங்கோ நிறுத்தி, மெல்லத் தேய்த்துப் பார்த்தார். எனக்குப் பட்டுப்போலத்தான் தெரிந்தது. “ரெண்டு மூணு குருணை உருளுது, அச்சுல அடைக்கும்” என்று சொல்லிவிட்டு, மாவு முழுவதையும் மறுபடி மேலே கொட்டி இன்னொரு தரம் ஓட்டினார்.